ஏற்றம் வண்டிக்கு, இறக்கம் நமக்கு

மலைப்பாதையில் பைக் ஓட்டுகிறவர்கள் பேசுவதெல்லாம் ஏற்றத்தைப் பற்றித்தான். எவ்வளவு உயரம் ஏறினோம், வழியில் எத்தனை கொண்டை ஊசி வளைவுகள், உச்சியில் பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி எடுத்த படம். அத்தோடு கதை முடிந்துவிடும். ஏறியவர் இறங்கித்தானே வந்திருப்பார்? அதைப் பற்றி ஒரு வரி இருக்காது. எனக்கு இது நெடுநாள் மனக்குறை. மலைச்சாலையில் ஓட்டுபவரின் கைப்பக்குவம் தெரிவது இறக்கத்தில். சாலை முழுசாகக் கண்ணுக்குக் கிடைப்பதும் இறக்கத்தில். ஆபத்து காத்திருப்பதும் அங்கேதான்.

ஏற்றத்தில் மலையே நமக்குத் துணை. வளைவுக்குள் கொஞ்சம் வேகமாக நுழைந்துவிட்டாலும் ஆக்சிலரேட்டரை விட்டால் போதும், சரிவு வண்டியைப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். எடை பின் சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருக்கும், உந்துவதும் அதே சக்கரம். சின்ன வண்டியோ பெரிய வண்டியோ, சரியான கியரில் போட்டால் முனகிக்கொண்டாவது ஏறிவிடும்.

இறக்கத்தில் எல்லாம் தலைகீழ். சும்மா இருந்தாலே வேகம் கூடும். எடை முன்னால் வந்து, முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கை அமுக்கும். பின் சக்கரம் லேசாகிவிடுவதால், சமதளத்தில் பழகிய அழுத்தத்தில் பின் பிரேக்கை மிதித்தால் சக்கரம் சட்டென்று பூட்டிக்கொண்டு வழுக்கும். நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்கின் தலையில் விழுகிறது. வளைவில் சாய்ந்திருக்கும்போது அதை வெடுக்கென்று பிடித்தால் முன் சக்கரம் காலை வாரிவிடும்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 மீட்டருக்கு 10 மீட்டர் இறங்கும் சரிவில், உலர்ந்த நல்ல தார்ச்சாலையில் முழு பிரேக் பிடித்தால், சமதளத்தில் நிற்கும் தூரத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு கூடுதலாக ஓடித்தான் வண்டி நிற்கும். அது பரவாயில்லை. அதே சரிவில் மழை பெய்து, மேலே மண்ணும் படிந்து, டயரின் பிடிப்பு பாதிக்கும் கீழே போய்விட்டது என்று வையுங்கள். இப்போது வண்டி நிற்க, அதே ஈரமான சமதளத்துக்கு ஆகும் தூரத்தைப்போல ஒன்றரை மடங்கு ஆகும். சரிவு இழுக்கும் விசை வெயிலிலும் மழையிலும் ஒன்றுதான். பிடிப்பு மட்டும்தான் குறைகிறது. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் கையில் மிஞ்சுவது ரொம்பக் கொஞ்சம். அதனால்தான் மழையில் ஏறுவதற்குக் காட்டும் தைரியத்தை இறங்குவதற்கு நான் காட்டுவதில்லை.

இன்னொரு கணக்கு. இத்தாலியின் ஆல்ப்ஸ் மலையில் ஸ்டெல்வியோ கணவாய் இருக்கிறது. உயரம் 2757 மீட்டர். வடகிழக்குப் பக்கம் பிராட்டோ என்ற ஊர் வரை இறங்கினால் சுமார் 1800 மீட்டர் இறக்கம், தூரம் ஏறக்குறைய 25 கிலோமீட்டர். வண்டி, ஆள், மூட்டை எல்லாம் சேர்த்து 250 கிலோ என்று வைத்துக்கொண்டால், உச்சியிலிருந்து அடிவாரத்துக்கு வருவதற்குள் 44 லட்சம் ஜூல் ஆற்றலை எங்காவது தொலைத்தாக வேண்டும். சாதாரணத் தண்ணீர் 13 லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமான வெப்பம் இது. வேறு மாதிரி சொன்னால், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டியை முழுசாக நிறுத்துவதை 125 தடவைக்கு மேல் செய்வதற்குச் சமம். கொஞ்சத்தைக் காற்று வாங்கிக்கொள்ளும். மிச்சத்தை எஞ்சின் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு மெல்லிய பிரேக் தட்டுகள் வாங்க வேண்டும். எதன் தலையில் எவ்வளவு கட்டுவது என்பதை முடிவு செய்வது நம் கியர் மிதிக்கும் கால்.

என்னோடு பல பயணங்கள் வந்த நண்பர் ஒருவருக்கு நீண்ட இறக்கம் ஒன்றில் முன் பிரேக் லீவர் கைப்பிடி வரைக்கும் வந்துவிட்டது. பிடிக்கிறார், பஞ்சு மாதிரி அமுங்குகிறது, வண்டி நிற்கவில்லை. பதறாமல் கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து, பின் பிரேக்கை மெல்லக் கொடுத்து, மலைப்பக்கம் அகலமாக இருந்த இடத்தில் ஓரம் கட்டினார். பிரேக் தட்டான டிஸ்க்குக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனாலே அனல் அடித்தது. முக்கால் மணி நேரம் மரத்தடியில் உட்கார்ந்தோம். சூடு ஆறியதும் லீவர் பழையபடி கெட்டியாகிவிட்டது, ஒன்றுமே நடக்காத மாதிரி. பயணத்துக்கு முன்னால்தான் வண்டியை சர்வீஸ் விட்டிருந்தார். டிஸ்க்கைக் கவ்வும் பேட் புதிது, டிஸ்க் நன்றாக இருந்தது. பிரேக் ஆயில் மட்டும் பழையது.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை மெதுவாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பைக்குகளில் பரவலாக இருக்கும் டாட் 4 வகைக்குப் புதிதில் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தர அளவு. ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்த அளவு 155 டிகிரி. ஊருக்குள் ஓட்டும்போது இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. சிக்னலில் நிற்கும் பிரேக் அவ்வளவு சூடாகாது. மலையில் அரை மணி நேரம் விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கும்போது ஆயில் கொதித்து ஆவிக் குமிழ்கள் வரும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். நாம் கொடுக்கும் அழுத்தமெல்லாம் குமிழை நசுக்குவதிலேயே போய்விடும், பேடுக்குப் போகாது. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்லும் இந்த ஆயிலை, டயருக்கும் பெட்டிகளுக்கும் அள்ளிச் செலவு செய்கிறவர்கள்கூட மறந்துவிடுகிறார்கள். மலைப்பயணத்துக்கு முன் ஒரே ஒரு காரியம்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால், நான் பிரேக் ஆயில் மாற்றுவேன்.

அப்புறம் எஞ்சின். எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள் என்று லாரி ஓட்டுகிறவர்கள் சொல்வார்கள். பழைய பாடம்தான், இன்றைக்கும் பிசகில்லை. பைக்கில் சில சமயம் ஒரு கியர் இன்னும் கீழே போக வேண்டியிருக்கும். இரண்டாவது கியரில் ஆக்சிலரேட்டரை மூடி வைத்தால் எஞ்சின் உறுமிக்கொண்டே வண்டியைப் பிடித்து வைத்திருக்கும். அந்தச் சத்தம் புதியவர்களுக்கு பயம் தருகிறது, எஞ்சின் கெட்டுவிடும் என்று நினைத்து கிளட்சைப் பிடித்துவிடுகிறார்கள். எஞ்சின் சுழற்சியைக் காட்டும் மீட்டரில் சிவப்புக் கோட்டைத் தாண்டாதவரை அதற்கு ஒன்றும் ஆகாது. ஆனால் எல்லா வண்டியும் ஒரே மாதிரி பிடிப்பதில்லை. பெரிய ஒற்றை சிலிண்டர் வண்டிகள் நன்றாக இழுத்துப் பிடிக்கும். டூ-ஸ்ட்ரோக் வண்டிகளில் இந்தப் பிடிப்பு குறைவு. பெட்ரோலோடு ஆயில் கலந்து ஓடும் வகையாக இருந்தால், ஆக்சிலரேட்டரை மூடியபடி நீண்ட தூரம் இறங்கினால் எஞ்சினுக்கு ஆயிலும் போதாது. அதனால் நடுநடுவே லேசாக முறுக்கிக் கொடுக்க வேண்டும். கியர் இல்லாத ஸ்கூட்டர்களில் வேகம் ரொம்பக் குறைந்ததும் கிளட்ச் தானாக விட்டுவிடும், வண்டி சும்மா உருள ஆரம்பிக்கும். ஸ்கூட்டரில் மலை இறங்குகிறவர் இதைத் தெரிந்துகொண்டு, பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து, அடிக்கடி நின்று ஆறவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வயிற்றைக் கலக்கும். சாவியை அணைத்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. 44 லட்சம் ஜூலையும் பிரேக் தலையில் கட்டிவிட்டு வருகிறார்கள். அதில் மிச்சமும் கிடையாது. ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரை மூடினால், எஞ்சின் வேகம் ஐடிலுக்கு, அதாவது வண்டி நிற்கும்போது எஞ்சின் சும்மா ஓடும் வேகத்துக்கு, பக்கத்தில் விழும்வரை பெட்ரோல் செலுத்துவதையே கம்ப்யூட்டர் நிறுத்திவிடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுழற்றுகிறது. நியூட்ரலில் போட்டால், ஐடிலில் ஓடுவதற்காகப் பெட்ரோல் செலவாகும். அதாவது கியரில் இறங்குவதுதான் பாதுகாப்பு, அதுதான் சிக்கனமும்.

அமெரிக்காவின் கொலராடோவில் பைக்ஸ் பீக் என்ற சிகரத்துக்கு ஒரு சாலை போகிறது. உச்சி 4300 மீட்டர் உயரம். ஏறும்போது யாரும் எதையும் சோதிப்பதில்லை. இறங்கும்போது பாதி வழியில் ஊழியர்கள் நிறுத்தி, கார்களின் பிரேக் சூட்டைத் தொலைவிலிருந்தே அளக்கும் கருவியால் பார்க்கிறார்கள். அதிகமாக இருந்தால் ஓரமாக நிறுத்தி ஆறவைத்துவிட்டுப் போகச் சொல்கிறார்கள். மலை எங்கே கடினம் என்று அந்தச் சாலையைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. உலகத்தின் பல மலைச்சாலைகளில், பிரேக் போன லாரிகள் ஏறி நிற்பதற்காகப் பக்கவாட்டில் சரளை கொட்டிய மேட்டுப்பாதை வெட்டியிருப்பார்கள். அவையும் இறங்கும் பக்கத்தில்தான் இருக்கும்.

இனி வளைவு. கொண்டை ஊசி வளைவை இறங்கிவரும் திசையில் திரும்புவது, பைக் ஓட்டுவதில் நான் மிகவும் நேசிக்கும் காரியம். ஆரம்பத்தில் எல்லோருக்கும் அது அச்சம் தரும். வளைவின் உட்புறம் சட்டென்று செங்குத்தாகச் சரியும், வண்டி முன்னால் கவிழ்வது போல இருக்கும், கண் தானாகப் பள்ளத்தைப் பார்க்கும். கண் போன பக்கம் வண்டி போகும் என்பது பைக்கில் அப்பட்டமான உண்மை. தடுப்புச் சுவரையே பார்த்துக்கொண்டு திரும்பினால் தடுப்புச் சுவரிடம்தான் போவோம். தலையை நன்றாகத் திருப்பி, தோளுக்கு மேலாக, வளைவு முடிந்து சாலை வெளியேறும் இடத்தைப் பார்க்க வேண்டும். கழுத்து வலிக்கும் அளவுக்குத் திருப்பினால் சரியாகத் திருப்பியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

பிரேக் வேலையெல்லாம் வண்டி நேராக இருக்கும்போதே முடிந்துவிட வேண்டும். கியரும் அதற்குள் விழுந்திருக்க வேண்டும். வளைவுக்குள் பின் பிரேக்கை மட்டும் தொட்டும் தொடாமலும் வைத்துக்கொண்டு, ஆக்சிலரேட்டரை ஒரு நூல் அளவு திறந்து வைத்தால் சங்கிலி விறைப்பாக இருக்கும், வண்டி குலுங்காமல் ஒழுகும். இரண்டையும் ஒன்றாகச் செய்வது விசித்திரமாகத் தோன்றலாம், செய்து பார்த்தால்தான் அதன் அமைதி புரியும். சாலையில் நம் பக்கத்துப் பாதியின் வெளிவிளிம்பிலிருந்து நுழைந்து, உள்பக்கம் திரும்புவதைக் கொஞ்சம் தாமதித்தால், வெளியே வரும்போது எதிர்த்தடத்துக்குள் தூக்கிப்போடாது. சாய்ந்த வண்டியில் நம் தலை சக்கரத்தைவிட வெகுவாக உள்ளே தள்ளி இருக்கும் என்பதை மறக்கக் கூடாது. சக்கரம் கோட்டுக்கு இந்தப்பக்கம் இருக்கும்போதே தலை அந்தப்பக்கம் போயிருக்கும், எதிரே பேருந்து வந்துகொண்டிருக்கும்.

வேகத்தைப் பொறுத்தவரை ஒரே ஒரு கணக்கு சொல்கிறேன். 10 மீட்டர் ஆரமுள்ள வளைவை மணிக்கு 25 கிலோமீட்டரில் திரும்ப வண்டி ஏறக்குறைய 26 டிகிரி சாய வேண்டும். 35இல் போனால் 44 டிகிரி. பயண வண்டிகள் பலவற்றில் அதற்குள் கால்மிதி தரையில் உரசிவிடும். வெறும் 10 கிலோமீட்டர் கூடியதற்கு இவ்வளவு வித்தியாசம். சமவெளியில் 10 கிலோமீட்டர் என்பது யாரும் கவனிக்காத அளவு.

இந்த வளைவுகளே இறக்கத்தை நினைத்துக் கட்டியவை என்பது எனக்குப் பிடித்த விஷயம். ஸ்டெல்வியோ சாலையை 1820 முதல் 1825 வரை ஆஸ்திரியப் பேரரசுக்காகக் கார்லோ டோனெகானி என்ற பொறியாளர் அமைத்தார். அப்போது அதில் போனவை குதிரை வண்டிகள். சரிவு செங்குத்தானால் குதிரைகள் பாரம் இழுத்து ஏறத் திணறும், இறங்கும்போது பாரவண்டி குதிரைகளையே தள்ளிக்கொண்டு போய்விடும். ஆகவே சரிவைக் குறைத்து நீளத்தைக் கூட்டினார்கள். நீளத்தை ஒரே மலைமுகத்தில் அடக்கச் சாலையை மடித்து மடித்துப் போட்டார்கள். பிராட்டோ பக்கத்தில் மட்டும் 48 வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்டிருக்கிறது. கொல்லிமலைச் சாலையின் 70 கொண்டை ஊசிகளுக்கும், ஆஸ்திரியாவில் 1935இல் திறந்த குரோஸ்குளோக்னர் சாலையின் 36 வளைவுகளுக்கும் காரணம் இதேதான். மாட்டுக்கும் குதிரைக்கும் மோட்டாருக்கும் பொதுவான ஒரு சரிவைத் தேடியிருக்கிறார்கள்.

அந்த மடிப்புகளைப் பார்க்கக் கிடைக்கும் இடமும் இறக்கம்தான். ஏறும்போது நமக்கு முன்னால் இருப்பது ஒரு பாறைச்சுவரும் கொஞ்சம் வானமும். இறங்கும்போது சாலை முழுவதும் கீழே விரித்துப் போட்டபடி கிடக்கும். ருமேனியாவில் 1970 முதல் 1974 வரை கட்டிய டிரான்ஸ்ஃபாகராஷான் சாலை 2042 மீட்டர் உயரத்தைத் தொடுகிறது. பாலேயா ஏரிக்குப் பக்கத்தில் நின்று வடக்கே பார்த்தால் அத்தனை திருப்பங்களும் ஒரே பார்வையில் தெரியும். அழகு ஒருபக்கம் இருக்கட்டும், அது தகவலும்கூட. மூன்று மடிப்பு கீழே ஒரு பேருந்து ஏறி வருவது தெரிகிறது, நாலாவது வளைவில் சாலை ஈரமாகப் பளபளக்கிறது, அதற்கும் கீழே ஆடுகள் குறுக்கே போகின்றன. ஏறுகிறவருக்கு இதில் ஒன்றும் தெரியாது. பேருந்து எந்த வளைவில் நம்மைச் சந்திக்கும் என்று மனதில் கணக்குப் போட்டு, அந்த வளைவுக்கு முன்பே அகலமான இடத்தில் ஒதுங்கி நின்று வழிவிடுவதில் எனக்குத் தனி சந்தோஷம். குறுகலான மலைச்சாலையில் ஏறி வருபவருக்கு முதல் உரிமை என்பது பல நாடுகளில் சட்டமாகவே இருக்கிறது.

ஒன்று மட்டும். பார்க்க வேண்டும் என்றால் நிறுத்திவிட்டுப் பாருங்கள். ஓட்டிக்கொண்டே பள்ளத்தாக்கை ரசிக்க மலை இடம் கொடுக்காது. வளைவில் நிறுத்தாமல், முன்னாலும் பின்னாலும் தூரத்திலிருந்தே தெரியும் நேரான இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். பிரேக் ஆறுவதற்கும் அது நேரம் கொடுக்கும்.

நேரம் என்றதும் ஞாபகம் வருகிறது. பெரும்பாலோர் மத்தியானம் உச்சிக்குப் போய்ச் சேரும்படி திட்டம் போடுகிறார்கள். அங்கே ஒரு மணி நேரம், படம், டீ. பிறகு களைத்த உடம்போடு, சாய்ந்த வெயிலில், நிழலும் வெளிச்சமும் மாறி மாறி விழும் சாலையில் இறக்கத்தைத் தொடங்குகிறார்கள். மலையில் இடிமழை வருவதற்கும் வாய்ப்பு அதிகமான நேரம் அது. லடாக்கின் லே ஊருக்குப் போகும் பாதை மாதிரி பனியாறுகளின் உருகுநீர் சாலையைக் கடக்கும் இடங்களில், வெயில் ஏற ஏற உருகி, பிற்பகலில் தண்ணீர் பெருகிவிடும். காலையில் கணுக்கால் அளவு இருந்த ஓடை மாலையில் முழங்காலைத் தொடும். நான் உச்சியை முற்பகலிலேயே கடந்துவிடப் பார்ப்பேன். அதற்காக இருட்டில் எழுந்து புறப்பட்டாலும் பரவாயில்லை.

குளிரும் இறக்கத்தில்தான் கடிக்கும். 1000 மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறைகிறது, இது எல்லோருக்கும் தெரியும். மேலே ஏறும்போது மெதுவான வேகமும் எஞ்சின் சூடும் காப்பாற்றும். இறங்கும்போது எஞ்சின் பெரிதாக உழைப்பதில்லை, காற்று மட்டும் அடிக்கிறது. விரல் மரத்துவிட்டால் லீவரில் எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரியாது. வழுக்கும் சாலையில் முன் பிரேக்கைத் துல்லியமாகப் பிடிக்க வேண்டிய கைக்கு இது சின்னக் குறை இல்லை. கையுறையை உச்சியிலேயே மாற்றிக்கொள்ள வேண்டும், நடுங்க ஆரம்பித்த பிறகு நிறுத்தி மாற்றினால் கை சூடாகவே ரொம்ப நேரமாகும்.

இறங்க இறங்கக் காற்று அடர்த்தியாவதைக் கவனித்திருக்கிறீர்களா? காது அடைக்கும், எச்சில் விழுங்கினால் திறக்கும். உச்சியில் மூடி வைத்த பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டி கீழே வரும்போது பக்கங்கள் ஒட்டி நசுங்கிப் போயிருக்கும். டர்போ இல்லாத எஞ்சின் 1000 மீட்டருக்கு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். லடாக்கின் கர்துங் லா கணவாய் மாதிரி 5359 மீட்டர் உயரத்தில் பாதி வண்டிதான் நம்மோடு இருக்கும். அந்தச் சக்தி இறங்கும் வழியில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருகிறது. மேலே சோம்பலாக இருந்த ஆக்சிலரேட்டர் கீழே விறைப்பாகிவிடும். கை அந்தச் சோம்பலுக்குப் பழகிப் போயிருக்கும், எனவே கடைசி வளைவுகளில் முறுக்குவதைக் குறைத்துக்கொள்வது நல்லது.

மூச்சுக்கும் இதே கதைதான். 2500 மீட்டருக்கு மேல் தலைவலியும் குமட்டலும் வந்தால் மாத்திரை போட்டுக்கொண்டு மேலே போவதைவிட, இறங்குவதே மருந்து. ஆனால் தலை சுற்றும் நிலையில் வண்டியை ஓட்டி இறங்கக் கூடாது. கூட வருபவர் காரிலோ லாரியிலோ இடம் கேட்டு இறக்கிவிட வேண்டும். வண்டியை மறுநாள் வந்து எடுத்துக்கொள்ளலாம்.

ஸ்டெல்வியோவுக்குப் போகும் பைக்காரர்கள் பலர் பிராட்டோவிலிருந்து அந்த 48 வளைவுகளை ஏறி, மறுபக்கம் போர்மியோவுக்கு இறங்குவதை வழக்கமாக வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் போர்மியோவிலிருந்து ஏறி, பிராட்டோ பக்கம் இறங்குங்கள் என்பேன். பேருந்துகளும் சைக்கிள்காரர்களும் நிறைவதற்கு முன், காலையில், இரண்டாவது கியரில், நடுவே இரண்டு மூன்று இடங்களில் நின்று. வளைவுகளின் எண்கள் மேலிருந்து கீழாகக் கூடிக்கொண்டே வரும், எவ்வளவு மிச்சம் என்று பார்த்துக்கொண்டே இறங்கலாம். கீழே வந்ததும் முதல் வேலையாக லீவரைப் பிடித்துப் பாருங்கள். காலையில் இருந்த அதே கெட்டியில் இருந்தால், மறுபடி மேலே ஏறி அம்பிரெயில் கணவாய் வழியாக சுவிட்சர்லாந்து பக்கமும் இறங்கலாம். அதற்கும் அன்றைக்கே நேரம் இருக்கும்.